வட்டக் கூடத்தில் ஒரு கேள்வி



"பிட்ஸாவின் மேல் தூவும் சீஸை நாம் உண்ணலாமா?" என்று கேட்டு இப்பகுதிக்கு வரும் கடிதங்கள் ஒன்றிரண்டல்ல. பிள்ளைகள் வெளிநாட்டில் குடியமர்ந்துவிட்ட தாய்மார்களே பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள். நானும் அப்படி ஒரு தாய்தான். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அது ஆலிம்களின் பணி. ஆனால் இதே கேள்வியைச் சுமந்துகொண்டு நான் போய்வந்த ஓர் இடத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல முடியும்.

என் மகன் இத்தாலியில் மிலான் நகரில் பணியாற்றுகிறான். பேத்திக்கு வயது ஏழு. பகலுணவு பள்ளியிலேயே. பன்றி இறைச்சி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பள்ளியில் அதற்கேற்ப வேறு உணவு தருகிறார்கள்; அதில் குறையொன்றுமில்லை. ஆனால் பாஸ்தாவின் மேல் துருவித் தூவுகிறார்களே, பார்மிஜானோ என்னும் பாலாடைக்கட்டி, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பாலில் செய்ததுதானே என்று விட்டுவிடுகிறோம். அதில் கன்றுக்குட்டியின் வயிறு சேர்கிறது என்று தோழி ஒருத்தி ஒருநாள் என் மருமகளிடம் சொல்லிவிட்டாள். அன்று தொடங்கியது வீட்டில் வழக்கு. மருமகள் வேண்டாம் என்பாள். "இங்கே இருக்கும் நம்மவர் எல்லாரும் உண்கிறார்களே" என்பான் மகன். குழந்தை இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பாள். நானும் என் கணவரும் போயிருந்த வேளையில் இது முற்றிப்போயிருந்தது. இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், மூன்றாம் நாள் காலை, "செய்யும் இடத்திற்கே போய்ப் பார்த்துவிட்டு வருவோமே" என்றார்கள்.

அப்படித்தான் சொராஞா என்னும் சிற்றூருக்குப் போனோம். பார்மா நகருக்கு வடமேற்கே, போ ஆறு பாயும் சமவெளியில் இருக்கிறது. எங்கு நோக்கினும் மேடு பள்ளமில்லாத பசும்புல் வயல். ஊருக்கு நடுவே ஒரு பழைய பிரபுக் குடும்பத்தின் கோட்டை. வழியில் ஒரு மாட்டுப் பண்ணை வாயிலில் தலைப்பாகை கட்டிய ஒருவரைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னேன். பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்! இச்சமவெளியின் தொழுவங்களில் பால் கறப்பதும் மாடு பேணுவதும் இன்று பெருமளவு அவர்கள் கையில்தான் இருக்கின்றன என்று மகன் சொன்னான். பக்கத்து மாவட்டத்து நொவெல்லாரா என்னும் ஊரில் 2000ஆம் ஆண்டிலேயே அவர்கள் பெரிய குருத்வாரா ஒன்றைத் திறந்துவிட்டார்களாம். இத்தாலியரின் பெருமைக்குரிய பாலாடைக்கட்டிக்கு நம் நாட்டவர் கறந்த பால் என்பதில் எனக்கு ஏனோ ஒரு மகிழ்ச்சி.

அருங்காட்சியகம் இருப்பது ஊரோரத்துப் பழைய பண்ணையொன்றில். 1848இல் கட்டப்பட்ட பாலாடைக்கட்டிக் கூடம் அது. சுற்றிலும் தூண்கள் நிற்க, வட்டமாக இருக்கிறது. உள்ளே தீயெரியும், ஆவியும் புகையும் வெளியேற வேண்டும், அதற்கேற்பச் சுவரிலே காற்று நுழையும் இடைவெளிகள். 1977 வரை அங்கே உண்மையாகவே தொழில் நடந்திருக்கிறது. 2003இல் அருங்காட்சியகமாக்கித் திறந்தார்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், போக எண்ணுவோர் முன்னதாகக் கேட்டுக்கொள்வது நல்லது. எழுத்துப் பலகைகள் சற்று மிகுதி என்பதைத் தவிர நான் அதில் குறை காணவில்லை. கருவிகளே போதும், கதை சொல்ல.

நடுவில் நிற்கிறது செம்புக் கொப்பரை. நம் வீட்டுத் திருமணங்களில் பிரியாணி ஆக்கும் செம்புத் தேக்சாக்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது அயலாகத் தோன்றவில்லை. ஆனால் வடிவம் வேறு. பெரிய மணியொன்றைத் தலைகீழாக வைத்ததுபோல் அடி குறுகி வாய் அகன்றிருக்கிறது. உள்ளே ஈயப் பூச்சு கிடையாது, வெறும் செம்பு. முற்காலத்தில் விறகுத் தீயின் மேல் தொங்கவிட்டுக் காய்ச்சினார்கள். இன்று ஆலைகளில் நீராவியால் சூடேற்றுகிறார்கள். கொப்பரை மட்டும் இன்னும் செம்புதான்.

மாலையில் கறந்த பாலை அகன்ற தொட்டிகளில் ஊற்றி இரவு முழுவதும் விட்டுவைக்கிறார்கள். ஆடை மேலே மிதந்துவரும். அதை எடுத்து வெண்ணெயாக்குவார்கள். மீந்த பாலோடு காலையில் கறந்த முழுப்பாலைக் கலந்து கொப்பரையில் ஊற்றுவார்கள். பிறகு, முந்தைய நாள் பாலாடைக்கட்டி செய்தபோது பிரிந்த நீரைப் புளிக்கவைத்திருப்பார்களே, அதைச் சேர்ப்பார்கள். வழிகாட்டியாக வந்த அம்மையார் இதைப் பெரிய மறைபொருள்போல் விளக்கினார். மகன் மொழிபெயர்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் உறைமோர்தான் அது! நேற்றைய மோரைக் கொண்டு இன்றைய பாலை உறையவைக்கும் வேலையை நம் அடுப்படியில் நாம் நாள்தோறும் செய்யவில்லையா?

தயிருக்கு அது போதும். பார்மிஜானோவுக்குப் போதாது. இங்கேதான் நாங்கள் தேடிவந்த பொருள் வருகிறது.

சகோதரிகளே, பால் குடித்த குழந்தை சற்று நேரங்கழித்துக் கக்கினால் அது எப்படி இருக்கும்? திரிந்து திப்பிதிப்பியாக இருக்கும். தாய்ப்பால் வயிற்றில் நீராகவே ஓடிவிடாமல் கட்டியாகி மெல்லச் செரிப்பதற்காக இறைவன் வைத்த ஏற்பாடு அது. கன்றுக்கும் அப்படியே. மாட்டின் வயிறு நான்கு அறைகளுடையது. பால் மட்டுமே குடிக்கும் இளங்கன்றின் நான்காவது அறையில் பாலை உறையவைக்கும் ஒரு நொதி ஊறுகிறது. புல் மேயத் தொடங்கிவிட்டால் அது குறைந்துபோகும். ஆகவே கன்று இளையதாக இருக்கும்போதே அறுத்து, அந்த வயிற்றறையை எடுத்து உலர்த்தி, நறுக்கி, உப்புநீரில் ஊறவைத்து அந்தச் சாற்றைப் பெறுவது பழைய முறை. இன்று அது தூளாகவும் நீர்மமாகவும் கடையில் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் ரென்னெட் என்பார்கள். இத்தாலியர் 'காலியோ' என்கிறார்கள். 1,100 லிட்டர் பால் கொள்ளும் ஒரு கொப்பரைக்கு ஒரு கைப்பிடித் தூள்கூடத் தேவையில்லை. அதைப் போட்ட பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அத்தனை பாலும் அசையாமல் உறைந்து நிற்கும்.

"அப்படியென்றால் உண்மைதான்" என்றாள் மருமகள், மெல்லிய குரலில். மகன் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மையார் தொடர்ந்து விளக்கிக்கொண்டே போனார். உறைந்த பாலை உடைக்க ஒரு கருவி உண்டு. நீண்ட பிடியின் முனையில் கம்பிகளால் ஆன கூண்டு. 'ஸ்பீனோ' என்று பெயர். முள் என்று பொருள். முள்மரக் கிளையையே பயன்படுத்திய காலத்துப் பெயர் அப்படியே தங்கிவிட்டது. அரிசிமணி அளவுக்கு உடைத்துக்கொண்டே 55 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். மணிகள் அடியில் படிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பிறகு மரத் துடுப்பால் நெம்பி, துணியிலே ஏந்தி, மேலே தூக்கி, இரண்டாக வெட்டுகிறார்கள். ஒரு கொப்பரையில் பிறந்த அவ்விரண்டையும் 'இரட்டையர்' என்றே அழைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 550 லிட்டர் பால் செலவாகிறது. முற்றிய பிறகு ஒவ்வொன்றும் சுமார் 40 கிலோ. வட்ட அச்சில் இட்டு, ஏறக்குறைய இருபது நாள் உப்புநீரில் மிதக்கவிட்டு, பலகைகளில் அடுக்கிக் குறைந்தது 12 மாதம் காத்திருக்கிறார்கள். இரண்டு, மூன்று ஆண்டு காப்பவர்களும் உண்டு. மாடு விடுமுறை அறியாது. ஆகவே இத்தொழிலுக்கும் ஆண்டின் 365 நாளும் வேலைதான்.

எனக்கு மிகவும் பிடித்த கருவி ஒரு சிறு சுத்தியல். ஓராண்டு முடிந்ததும் சோதிப்பவர் வந்து, மருத்துவர் நோயாளியின் மார்பைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு வட்டையும் அதனால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்கிறார். உள்ளே வெடிப்போ ஓட்டையோ இருந்தால் ஒலி காட்டிக்கொடுத்துவிடும். தேறியதற்குச் சூட்டுமுத்திரை. தேறாததன் மேலுள்ள அடையாளங்களைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். உற்பத்தியாளர்கள் 1934 முதல் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பு வைத்து இக்கட்டுப்பாட்டைக் காத்துவருகிறார்கள்.

அதன் மதிப்பு அப்படி. 1254ஆம் ஆண்டு ஜெனோவா நகரத்துப் பத்திரம் ஒன்றில், ஒரு சீமாட்டி தன் வீட்டை எழுதிக்கொடுத்து, அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 53 ராத்தல் பார்மா பாலாடைக்கட்டி பெற ஒப்பந்தம் செய்திருக்கிறாள். வீட்டைக் கொடுத்துச் சீஸ் வாங்கிய பெண்! முற்றும்வரை காத்திருக்க முடியாத உற்பத்தியாளர், வட்டுகளை அடகுவைத்துக் கடன் பெறும் வசதியை 1953 முதல் ஒரு வங்கி நடத்துகிறது. நகையை அடகுவைத்து வட்டி கட்டி வாடும் குடும்பங்களை நாம் அறிவோம். அங்கே கிடங்கில் சீஸ் இருந்து வட்டியைச் சுமக்கிறது.

பால் திரிந்து பிரியும் நீரில் பெரும்பகுதி எங்கே போகிறது என்று பேத்தி கேட்டாள். பன்றிகளுக்கு என்று விடை வந்தது. பார்மாவின் பன்றித்தொடை உலகப் புகழ் பெற்றது; இந்த நீரைக் குடித்துத்தான் அப்பன்றிகள் வளர்க்கப்பட்டு வந்திருக்கின்றன. மருமகளின் முகம் சுருங்கியது. ஆனால் நீர் பன்றிக்குப் போகிறதே தவிர, பன்றியிலிருந்து எதுவும் கொப்பரைக்குள் வருவதில்லை. (வேறு சீஸ் வகைகளில் பன்றி வயிற்றிலிருந்து எடுத்த பெப்சின் பயன்பட்டதுண்டு, அது தனிக்கதை.) எங்கள் கேள்வி கன்றைப் பற்றியது மட்டுமே.

பாலாடைக்கட்டி நம் மார்க்கத்திற்குப் புதியதன்று. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் சென்றிருந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டதையும், அவர்கள் கத்தியை வரவழைத்து இறைவனின் பெயர் கூறி அதை அறுத்ததையும் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கும் செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் இந்த உறைபொருளுக்கு நம் சட்டநூல்களில் 'இன்ஃபஹா' என்று பெயர். முறைப்படி அறுக்கப்பட்ட, பால் மட்டுமே குடித்த கன்றினுடையதாயின் தயக்கத்திற்கு இடமில்லை. முறைப்படி அறுக்கப்படாததாயின் அது அசுத்தம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ அப்போதும் அது தூய்மையானதே என்றார்கள். அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் இதில் ஆசிரியரோடு ஒத்துப்போகவில்லை. ஐரோப்பாவின் அறுப்புக்கூடங்களில் நடப்பதை வேதக்காரர்களின் அறுப்பாக ஏற்கலாமா என்பதிலோ இக்கால ஆலிம்களிடையே இருவேறு கருத்துகள் இருக்கின்றன.

நான் ஹனஃபி வீட்டில் பிறந்தவள். என் கணவர் கடற்கரை ஊரைச் சேர்ந்த ஷாஃபிஈ. முப்பத்தைந்து ஆண்டு இல்வாழ்க்கையில் எங்களுக்குள் இந்த வேறுபாடு தலைகாட்டியது மிகச் சில வேளைகளில்தான். அஸர் நேரம் எனக்குச் சற்றுப் பிந்தும், அவர்களுக்கு முந்தும், அவ்வளவே. அன்று அது மேசைமேல் வந்து அமர்ந்தது. சுற்றிப் பார்த்து முடிந்ததும் சுவைத்துப் பார்க்கச் சிறு தட்டுகளில் துண்டுகளை வைத்தார்கள். பொன்னிறம், உடைத்த இடத்தில் கருப்பட்டியின் பொரபொரப்பு.

நான் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு துண்டை எடுத்தேன். உப்பும் கொட்டைப்பருப்பின் மணமும் கலந்த சுவை. என் கணவர் தட்டை மரியாதையாகச் சற்றே அப்பால் நகர்த்திவைத்து, வழிகாட்டிய அம்மையாருக்கு நன்றி சொன்னார்கள். பேத்தி எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு என்னிடம், "வாப்பும்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரே இஸ்லாம்தானே?" என்றாள்.

எனக்கு வாயில் இருந்தது இறங்கவில்லை.

"ஒரே இஸ்லாம்தான் கண்ணு" என்றார்கள் என் கணவர். "வாப்பும்மா ஒரு இமாமைக் கேட்டு நடக்கிறாங்க. நான் இன்னொரு இமாமைக் கேட்டு நடக்கிறேன். ரெண்டு பேரும் பெரியவங்க."

"அப்ப நான் யாரைக் கேட்க?"

எழுபது வயதை நெருங்கும் என் கணவர் ஏழு வயதுக் குழந்தைக்கு முன் அப்படித் தடுமாறி நான் கண்டதில்லை. கடைசியில், "உன் வாப்பாவையும் உம்மாவையும் கேளு" என்று சொல்லிவிட்டார்கள். பந்து அதற்குரியவர்களிடம் போயிற்று. மாமியாராகிய நானும் வாயைத் திறக்கவில்லை. மருமகளின் வீட்டில் என் மத்ஹபுக்குக் கொடியேற்ற நான் போகவில்லையே!

திரும்பும் வழியில் முன்னிருக்கைகளில் இருந்த அவ்விருவரும் நெடுநேரத்திற்குப் பிறகு வழக்காடாமல் பேசிக்கொண்டார்கள். அவர்கள் பேசியதில் உங்களுக்குப் பயன்படக்கூடியதை மட்டும் இங்கே எழுதுகிறேன். பார்மிஜானோவில் கன்றின் உறைபொருள் மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது விதி. 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாக்கும் பெயர் அது. ஆகவே அப்பெயர் உள்ள பொட்டலத்தில் வேறு உறைபொருள் இருக்குமோ என்று தேடுவது வீண். மற்றச் சீஸ்களில் நிலைமை அப்படியன்று. பூஞ்சை வகையிலிருந்து எடுக்கும் உறைபொருள் உண்டு. கன்றின் மரபணுவை நுண்ணுயிரில் புகுத்தி அதே நொதியை உண்டாக்கும் முறைக்கு அமெரிக்கா 1990இல் அனுமதி தந்தது. அந்நாட்டுச் சீஸில் பெரும்பகுதி இன்று அதனால்தான் செய்யப்படுகிறது. போர்ச்சுகலின் செர்ரா த எஸ்த்ரேலா, ஸ்பெயினின் தோர்த்தா தெல் காஸார் என்னும் ஆட்டுப்பால் சீஸ்களை ஒருவகை முட்செடியின் ஊதாப் பூவை ஊறவைத்த நீரால் உறையவைக்கிறார்கள். ஒரு பூ பாலைக் கட்டியாக்குகிறது என்றால் வியப்பாக இல்லையா? நம் நாட்டில் பச்சைப் புள்ளியிட்டு விற்கும் சீஸ்களில் நுண்ணுயிர் உறைபொருளே வழக்கம். எலுமிச்சைச் சாறு பிழிந்து திரிக்கும் பன்னீரில் இந்தச் சிக்கலே இல்லை. இத்தாலியில் பிள்ளைகள் இருப்பவர்கள், பொட்டலத்தில் 'காலியோ' என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். அதையடுத்து 'மிக்ரோபிக்கோ' என்றிருந்தால் நுண்ணுயிர். 'வெஜெத்தாலே' என்றிருந்தால் செடி. வெறுமனே 'காலியோ' என்றிருந்தால் பெரும்பாலும் விலங்கு என்றே கொள்ள வேண்டும்.

தாங்கள் நம்பும் ஆலிம் ஒருவருக்கு எழுதிக் கேட்பது, விடை வரும்வரை பள்ளியில் தூவ வேண்டாம் என்று குழந்தையே சொல்லப் பழகுவது என்று மகனும் மருமகளும் முடிவு செய்தார்கள். "நோன் லோ வோல்யோ, கிராட்ஸியே" என்று பேத்தி காருக்குள்ளேயே பத்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எனக்கு வேண்டாம், நன்றி என்று பொருளாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கிருந்து புறப்படும்போது எனக்கென்று கால் கிலோ வாங்கியிருந்தேன். என் மூட்டுவலியை அறிந்த என் கணவர், கேட்காமலேயே அந்தப் பொட்டலத்தைத் தம் தோள்பையில் போட்டுக்கொண்டார்கள். வழியில் வயலோரம் வண்டியை நிறுத்தி அஸர் தொழ ஆயத்தமானோம். விரிப்பின் மேல் நின்று கையை உயர்த்தப் போனவர்கள் ஏதோ நினைவு வந்தவர்களாகச் சட்டென்று நிறுத்தினார்கள். அசுத்தமானதைச் சுமந்துகொண்டு தொழுதால் அவர்கள் மத்ஹபில் தொழுகை கூடாது. பையை மெதுவாகக் கழற்றினார்கள். வெயில் படாத பக்கமாகப் பார்த்து, காரின் பின்னிருக்கையில் வைத்துவிட்டு வந்து தக்பீர் கட்டினார்கள்.